நடுராத்திரி மாத்திரை

மலேரியா வந்த சின்னக் குழந்தைக்குக் கொடுக்கிற மாத்திரை ஆறு வேளை. மூன்று நாள், நாளைக்கு இரண்டு. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்: "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணு நாள். மறந்துடாதீங்கம்மா." அம்மாக்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நான் சொன்னது பாதி தப்பு என்று எனக்கு உறைத்தது யானைச் சட்டைக்காரன் வந்த வருடம்தான்.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். குயினைன் என்கிற பழைய மலேரியா மருந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அன்றைக்குப் புறநோயாளிப் பிரிவில் ஆள் இல்லை என்று என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு அம்மா, இரண்டரை வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டையில் பெரிய யானை. காய்ச்சல் இரண்டு நாளாக. ரேபிட் டெஸ்ட்டில் ஃபால்சிபாரம், அதாவது மலேரியாவில் ஆபத்தான வகை, என்று கோடு விழுந்தது. ஆனால் பையன் உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், என் பேனாவைப் பிடுங்கினான். அப்படியென்றால் வாய்வழி மருந்து போதும், வீட்டுக்கு அனுப்பலாம்.

முதல் வேலை எடை. குழந்தைக்கு மலேரியா மருந்து வயதைப் பார்த்துக் கொடுப்பதை விட எடையைப் பார்த்துக் கொடுப்பதுதான் சரி. இரண்டு வயதில் ஒன்பது கிலோவும் இருக்கும், பதினாலு கிலோவும் இருக்கும். ஆர்டிமெதர், லூமிபேன்ட்ரின் இரண்டும் சேர்ந்த மாத்திரையில் 20 மில்லிகிராமும் 120 மில்லிகிராமும் இருக்கிறது. 5 கிலோவிலிருந்து 15 கிலோவுக்குள் வேளைக்கு ஒன்று. 15 முதல் 25க்குள் இரண்டு. 25 முதல் 35க்குள் மூன்று. கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 14.8 கிலோவும் 15.1 கிலோவும் கண்ணுக்கு ஒரே குழந்தைதான், மருந்தோ இரட்டிப்பு. அதனால் எங்கள் தராசில் செருப்பு, கால்கொலுசு, ஈர டயப்பர் எதுவும் ஏறக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. யானைச் சட்டைக்காரன் சட்டையைக் கழற்றவிடாமல் அலறினான். சட்டையோடே நிறுத்தினேன். 11 கிலோ. கோட்டுக்கு வெகு தூரம், சட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, அதை உள்ளே அனுப்புவது. இந்த வேலையில் நாள் கணக்கில் பேச எனக்குப் பொருள் உண்டு.

மலேரியா மருந்துகள் பெரும்பாலும் கசப்பு. குயினைனின் கசப்பைப் பற்றி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய நாட்களில் நாங்கள் மாத்திரையை உடைத்து, பொடித்து, தண்ணீரில் கரைத்து ஸ்பூனில் நீட்டுவோம். அது எங்கள் புடவையிலும் சுவரிலும்தான் போய்ச் சேரும். எவ்வளவு உள்ளே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 2009இல் நோவார்டிஸும் 'மெடிசின்ஸ் ஃபார் மலேரியா வென்ச்சர்' என்கிற லாபநோக்கற்ற அமைப்பும் சேர்ந்து, தண்ணீரில் தானே கரையும் மாத்திரையைக் கொண்டுவந்தார்கள். செர்ரி வாசனை. பெரியவர்களுக்குச் செய்ததை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது என்ற வழக்கம் மாறி, குழந்தைக்கென்றே செய்யப்பட்ட மருந்து. அந்த வாசனை எனக்குப் பிடிக்காது, ஆனால் குடிக்கப் போவது நானில்லையே.

ஒரு மாத்திரைக்குச் சுமார் 10 மில்லி தண்ணீர். கரைந்ததும் குடிக்கவைத்து, டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுக்க வேண்டும். அடியில் மஞ்சளாக ஒட்டியிருப்பதும் மருந்துதான். மூக்கைப் பிடித்துத் தொண்டையில் ஊற்றுவதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். புரையேறிவிடும். குழந்தையை ஓரளவு நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் விழுங்கிவிடும். அவசரப்பட்டால் வெளியே வரும்.

இவன் விழுங்கினான். இருபதாவது நிமிடம் மொத்தத்தையும் அம்மாவின் மடியில் கக்கினான்.

ஒரு மணி நேரத்துக்குள் கக்கினால் அந்த வேளை கணக்கில் இல்லை. மறுபடி முழுசாகக் கொடுக்க வேண்டும். அதனால்தான் முதல் வேளையை எங்கள் கண்முன் கொடுத்து, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைக்கிறோம். மக்களுக்கு இது வெறும் காத்திருப்பாகத் தெரியும். "மருந்துதான் குடுத்துட்டீங்களே சிஸ்டர், பஸ் போயிடும்" என்பார்கள். பெஞ்சில் உட்காருவதும் மருந்தின் ஒரு பகுதி என்று எப்படிப் புரியவைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது தடவை கொடுக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டேன். அம்மா தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார், இரண்டரை வயதிலும். நல்லதாகப் போயிற்று. லூமிபேன்ட்ரின் கொழுப்பு இல்லாமல் சரியாக உடம்பில் சேராது. பெரியவர்களிடம் செய்த ஆய்வில், கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தபோது வெறும் வயிற்றில் எடுத்ததை விட 16 மடங்கு உடம்பில் ஏறியது. குழந்தைக்குப் பெரிய விருந்தெல்லாம் வேண்டாம். கொஞ்சம் பால் போதும், தாய்ப்பாலே போதும்.

இந்தத் தடவை மருந்து தங்கியது. மணி ஐந்தரை. கூட்டம் வாசல் வரை நிற்கிறது. மீதி ஐந்து மாத்திரையை அட்டையோடு கையில் கொடுத்துவிட்டு என் வழக்கமான பாட்டைப் பாடினேன்: காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மூணு நாள்.

தப்பு அங்கே இருந்தது. இரண்டாவது வேளை முதல் வேளையிலிருந்து எட்டு மணி நேரத்தில் கொடுக்க வேண்டியது. அதற்கு அப்புறம்தான் இரண்டு நாளைக்குக் காலையும் மாலையும். நாலரைக்குக் கொடுத்துத் தங்கிய மருந்துக்கு இரண்டாவது வேளை நள்ளிரவு பன்னிரண்டரை. நான் சொன்னபடி கேட்ட அந்த அம்மா என்ன செய்வார்? மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொடுத்திருக்கிறார். கேட்டதைத்தான் செய்தார். முதல் நாளையும் ஒரு நாளாகக் கணக்கிட்டதில், மூன்றாம் நாள் சாயங்காலம் முடிந்தபோது அட்டையில் ஒரு மாத்திரை மிச்சம். பையனோ காய்ச்சல் விட்டு ஓடிக்கொண்டிருக்கிறான். மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆகும் என்று அதை எடுத்து வைத்துவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பதினெட்டாவது நாள். அதே யானைச் சட்டை, ஆனால் இந்தத் தடவை பேனாவைப் பிடுங்கவில்லை. உட்காரவைத்தால் சரிந்தான். வரும் வழியில் ஒரு தடவை வலிப்பு வந்ததாம்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் ரேபிட் டெஸ்ட்டை எடுத்தார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன், "டாக்டர், பதினெட்டு நாளுக்கு முன்னாடிதான் பாசிட்டிவ். இது இப்ப எதுவும் சொல்லாது." அந்த டெஸ்ட் தேடுவது கிருமி விட்டுச்செல்லும் ஒரு புரதத்தை. கிருமி செத்த பின்பும் அது வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். கிருமி இல்லாவிட்டாலும் கோடு விழக்கூடும். இந்த மாதிரி நேரத்தில் கண்ணாடியில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழி. அவர் நல்ல மனிதர், சரி என்று ஸ்லைடு அனுப்பினார். ஒட்டுண்ணி நிறைய இருந்தது.

பழையது மீண்டும் தலைதூக்கியதா, புதிதாகக் கொசு கடித்ததா? ஸ்லைடைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. எனக்கு என் கணக்கு உறுத்தியது, அவ்வளவுதான்.

ஆர்டிமெதர் மாதிரியான மருந்துகள் வேகமானவை. கிருமியின் ஒவ்வொரு நாற்பத்தெட்டு மணி நேரச் சுழற்சிக்கும் அதன் எண்ணிக்கையைச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அதனால்தான் இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுக் குழந்தை எழுந்து விளையாடுகிறது. ஆனால் அந்த மருந்து சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். ஒரு நோயாளிக் குழந்தையின் உடம்பில் இருப்பதோ கோடிகோடியான கிருமிகள். பத்தாயிரத்தில் ஒன்று, அதில் பத்தாயிரத்தில் ஒன்று என்று மூன்று நாளில் இரண்டு சுழற்சி கடந்தாலும் சில்லறை மிஞ்சும். அந்தச் சில்லறையைத் தீர்ப்பதுதான் நாள்கணக்கில் தங்குகிற லூமிபேன்ட்ரினின் வேலை. அது ஆறு வேளையாகத்தான் உடம்பில் ஏறும். ஒன்று தள்ளிப்போய், ஒன்று அலமாரிக்குள் போனால்? குழந்தை நன்றாக இருக்கிறது என்பதும் கிருமி தீர்ந்துவிட்டது என்பதும் ஒன்றில்லை. இதை அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

உட்கார முடியாத குழந்தைக்கு, வலிப்பு வந்த குழந்தைக்கு மாத்திரை கிடையாது. ஆர்டிசுனேட் ஊசி. 20 கிலோவுக்குக் கீழே இருந்தால் கிலோவுக்கு 3 மில்லிகிராம், பெரியவர்களுக்கு 2.4. குழந்தைக்குக் கிலோக் கணக்கில் அதிகமா என்று புதிதாக வரும் நர்ஸுகள் எல்லாரும் கேட்பார்கள். ஆமாம், சின்ன உடம்பு அதை வேகமாக வெளியே தள்ளிவிடுகிறது. இவனுக்கு 33 மில்லிகிராம். 60 மில்லிகிராம் பொடி ஒரு குப்பியில் வரும், கூடவே பைகார்பனேட் ஒரு ஆம்பூல். அதை விட்டுக் குலுக்கினால் முதலில் கலங்கும், பிறகு ஒரு நிமிடத்தில் பளிங்காகும். தெளிந்த பின்புதான் சலைன் சேர்த்து நரம்பில் போட வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். தெளியவில்லையென்றால் குப்பையில். அந்த ஒரு நிமிடம், பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருக்கும்போது, எவ்வளவு நீளம் என்று சொல்ல முடியாது.

இருந்தாலும் நான் ஆர்டிசுனேட்டைக் குறை சொல்ல மாட்டேன். குயினைன் இரவுகளைப் பார்த்தவள் நான். அது நாலு மணி நேரம் மெதுவாக இறங்க வேண்டும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வேகமாக ஓடிவிட்டால் இதயத்துக்கு ஆபத்து. இன்னொரு வம்பு, குயினைன் உடம்பில் இன்சுலினைச் சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். மலேரியாவே சர்க்கரையை இறக்கும், மேலே இதுவும். மயங்கிக் கிடக்கிற குழந்தை நோயினால் மயங்கியதா சர்க்கரை இறங்கியதாலா என்று வெளியிலிருந்து தெரியாது. இரவு முழுக்க விரல் நுனியைக் குத்திக்கொண்டே இருப்போம். குயினைன் வளர்ந்த கிருமியைத்தான் கொல்லும். ஆர்டிசுனேட் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற இளம் பருவத்தையே பிடித்துவிடும், அது வளர்ந்து மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே.

2010இல் வெளியான 'அக்வாமேட்' ஆய்வில், ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் கடுமையான மலேரியா வந்த 5,425 குழந்தைகளுக்கு இந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். குயினைன் பெற்றவர்களில் 10.9 சதவீதம் இறந்தார்கள், ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 8.5. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். நாற்பது கட்டில் உள்ள வார்டாக நினைத்துப் பாருங்கள், ஒரு கட்டில்.

மருத்துவமனை தூரமாக இருந்து குழந்தை எதையும் விழுங்க முடியாத நிலையில் இருந்தால், ஆறு வயதுக்குக் கீழே ஆசனவாயில் வைக்கிற ஆர்டிசுனேட் இருக்கிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராம். வைத்த பிறகு புட்டத்தைச் சில நிமிடம் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நழுவி வெளியே வந்துவிடும். அரை மணிக்குள் வந்துவிட்டால் இன்னொன்று. இது வழிக்கான மருந்து, சிகிச்சை இல்லை. வைத்ததும் காய்ச்சல் குறைந்து, பெற்றோர் பாதி வழியில் திரும்பிப் போவதுதான் இதில் உள்ள ஆபத்து. மறுபடியும் அதே கதை: குழந்தை தெளிந்தது போல் தோன்றுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம்.

நம்முடையவன் விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஊசி, பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்று, இருபத்துநாலில் ஒன்று. மூன்றாவது ஊசிக்கு முன்பே கண் விழித்துப் பால் கேட்டான். ஆனாலும் ஊசியோடு முடிவதில்லை. அதற்கப்புறம் முழு மூன்று நாள் கூட்டு மருந்தை வாயால் கொடுத்தே ஆக வேண்டும். 28 நாளுக்குள் திரும்பி வந்த காய்ச்சல் என்பதால் இந்தத் தடவை வேறு கூட்டு மருந்து. கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு வேளையையும் நானே கொடுத்தேன். என் பணி நேரம் இல்லாதபோதும் ஒரு தடவை வந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, தூக்கம் வரவில்லை.

அனுப்பும்போது இன்னொன்றும் சொன்னேன். ஆர்டிசுனேட் ஊசி போட்ட சிலருக்கு, எல்லாம் சரியான பின், ஒரு வாரத்திலிருந்து நாலு வாரத்துக்குள் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண்ணும் நாக்கும் வெளுத்தாலோ, குழந்தை சோர்ந்தாலோ உடனே கூட்டி வரச் சொன்னேன். அந்த அம்மா நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். முதல் தடவை நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஐந்து கிலோவுக்குக் கீழே உள்ள சிசுக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. பல காலம் அவர்களுக்கென்று எதுவும் கிடையாது. ஐந்து கிலோக் குழந்தைக்கு என்ன அளவோ அதையே கணக்குப் போட்டு, மாத்திரையைப் பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்றுக்கொன்று சமமாக இராத கால் துண்டுகளைப் பார்த்து நான் நிறையப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். 2025 ஜூலையில்தான் சுவிட்சர்லாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2 முதல் 5 கிலோவுக்குள் உள்ள குழந்தைகளுக்கான ஆர்டிமெதர் லூமிபேன்ட்ரினை அங்கீகரித்தது. இரண்டு மருந்துகளின் விகிதமே இதில் வேறு. பச்சைக் குழந்தையின் ஈரல் பெரிய குழந்தையின் ஈரல் மாதிரி வேலை செய்வதில்லை. இவ்வளவு தாமதமானது எனக்குக் கோபம்தான். மலேரியாவால் இறப்பவர்களில் பெரும்பகுதி ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். 2023இல் உலகில் சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆப்பிரிக்கப் பகுதியில் இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் இந்த வயதுக்காரர்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் கடைசியில் வந்து சேர்கிறது மருந்து.

வைவாக்ஸ் மலேரியா வேறு கதை. அது ஈரலில் தூங்கி மாதங்கள் கழித்து எழும். அதற்குப் ப்ரைமாக்வின் வேண்டும், சிவப்பணுக்களைக் காக்கிற ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க முடியும், ஆறு மாதத்துக்குக் கீழே கொடுப்பதே இல்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது என் பாட்டு மாறிவிட்டது. மருந்து அட்டையின் பின்பக்கம் பேனாவால் ஆறு நேரங்களையும் எழுதுகிறேன், 'முதல் நாள் இரண்டாவது' என்பதற்கு வட்டம் போட்டு. அப்புறம் அம்மாவிடமோ அப்பாவிடமோ செல்போனை வாங்காமல், அவர்களையே என் முன்னால் அலாரம் வைக்கச் சொல்கிறேன். "தூங்குற குழந்தையை எழுப்பவா சிஸ்டர்? இப்பதான் கண்ணை மூடினான்" என்று கேட்காதவர்கள் குறைவு. எழுப்புங்கம்மா, என்பேன். அழட்டும். பால் கொடுத்து, மாத்திரை கொடுத்து, மறுபடி தூங்கவையுங்கள்.

போன மாதம் ஒரு பாட்டி, நாலு வயதுப் பேரனோடு வந்தார். வீட்டுக்குப் போகக் கடைசி வண்டி தவறிவிட்டது, வார்டிலேயே ஒரு ஓரக் கட்டிலில் இரவு தங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு பத்துக்குப் பாட்டியின் போன் அலறியது. நாதஸ்வரம், முழு சத்தத்தில். வார்டில் இருந்த ஏழு குழந்தைகளும் எழுந்து ஒருவரையொருவர் பார்த்து அழ ஆரம்பித்தார்கள். டம்ளரையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு நான் ஓரக் கட்டிலுக்குப் போனேன். எழுப்ப வேண்டியவன் மட்டும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.